போத்தல் தண்ணீரும் மணிபிளான்ட் கொடியும்

(மத்திய மலைநாட்டுத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடைபெற்ற மாதர் சங்கக் கூட்டத்தில் எமது நலன்புரிப் பிரிவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டு விட்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக் கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. இன்று பேச எடுத்துக் கொண்டது மலையைப் புரட்டும் விஷயமல்ல. உங்கள் காம்பராவில் ஜன்னல் ஓரத்திலோ, சாமித்தட்டுக்குப் பக்கத்திலோ, டீ.வி.க்கு மேலேயோ ஒரு போத்தலில் நிற்கிறதே மணிபிளான்ட், அதைப் பற்றித்தான்.

"இதுக்கும் ஒரு கூட்டமா?" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறோம். நாங்கள் விட்ட ஒரு பிழையினால்தான் இந்தக் கூட்டம்.

நாங்கள் விட்ட பிழை

சில வருஷங்களுக்கு முன்பு வேறொரு தோட்டத்தில் வீடு வாசலை அழகாக வைத்திருப்போருக்கு ஒரு போட்டி வைத்தோம். லயத்து வாசலைக் கூட்டி, கானை வெட்டி விட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, எல்லோரும் ஆசையோடு பங்குபற்றினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணிபிளான்ட் துண்டைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு பரிசாகக் கொடுத்தோம். "இதுக்கு மண்ணும் வேணாம், உரமும் வேணாம், தண்ணி மட்டும் இருந்தாப் போதும்" என்று சொல்லியே கொடுத்தோம். படமும் பிடித்துக் கொண்டோம். அந்தத் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் இரத்தம் சோதித்ததில் டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்து, கடவுள் புண்ணியத்திலும் டொக்டர்மாரின் கவனிப்பிலும் பிழைத்து வந்தாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்தைப் பார்க்க வந்தார். வெளியில் டின் இல்லை, சிரட்டை இல்லை, டயர் இல்லை. போட்டிக்காகத் துப்புரவு செய்த லயமல்லவா? பிறகு உள்ளே வந்து ஜன்னலோரத்துப் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வேர்களுக்கு நடுவே புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன. அந்த லயத்தில் மூன்று போத்தல்களில் புழு இருந்தது. மூன்றும் நாங்கள் கொடுத்த போத்தல்கள்.

பிள்ளையைக் கடித்த நுளம்பு அந்தப் போத்தலில்தான் பிறந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இல்லை என்றும் எங்களால் சொல்ல முடியவில்லை. அந்தத் தாய் எங்களை ஏசவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானே மிஸ் குடுத்தீங்க" என்றார். ஏசியிருந்தால் கூட மனது ஆறியிருக்கும்.

பயத்தில் சில வீடுகளில் கொடியையே பிடுங்கி எறிந்து விட்டார்கள். அது தேவையில்லை. பிழை கொடியில் இல்லை, அதை வளர்க்கச் சொல்லிக் கொடுத்த விதத்தில் இருந்தது. ஆகவே இந்த முறை முழுதாகச் சொல்லித் தருவது எங்கள் கடமை.

எங்கிருந்து வந்த கொடி

மணிபிளான்ட் நம்முடைய நாட்டுக் கொடி அல்ல. பசிபிக் சமுத்திரத்தில் தாஹித்தி தீவுக்குப் பக்கத்தில் மூரேயா என்று ஒரு சிறிய தீவு. அதுதான் இதன் தாய்வீடு. 1880 ஆம் ஆண்டு ஐரோப்பியர் இதற்குத் தாவரவியல் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு உலகமெல்லாம் வீட்டுச் செடியாகப் பரவி விட்டது.

இந்தக் கொடியில் யாராவது பூ பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பூப்பதற்குத் தேவையான ஒரு வளர்ச்சிப் பொருளைச் சரியாக உண்டாக்க இதனால் முடியாது என்று 2016 ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பூ இல்லையென்றால் விதை இல்லை. ஆகவே ஊருக்கு ஊர், லயத்துக்கு லயம் இது போனதெல்லாம் மனிதர் கையால்தான். ஒருவர் ஒரு துண்டை வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்துக் கொடுத்தே இங்கு வரைக்கும் வந்திருக்கிறது.

தேயிலையும் இந்த நாட்டுச் செடியல்ல. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட பிறகுதான் மலையெல்லாம் தேயிலையாக மாறியது. நம் முன்னோரும் அப்படி வந்து, பாடுபட்டு, இங்கேயே வேரூன்றியவர்கள்தான். வந்த கொடியை வைத்துக் காப்பாற்றுவது நமக்குப் புதிதில்லை.

போத்தலில் நடப்பது என்ன

டெங்குவைப் பரப்பும் நுளம்புக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிந்த தண்ணீர், நிழல், ஆட்டம் அசைவு இல்லாத இடம், இவைதான் வேண்டும். மணிபிளான்ட் போத்தலில் இந்த மூன்றும் உண்டு. நாமே பாத்து பாத்து அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

பெண் நுளம்பு தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, போத்தலின் உட்பக்கச் சுவரில் ஒட்டி வைக்கும். மிளகை விட எத்தனையோ மடங்கு சிறிய கறுப்புப் புள்ளிகள், சும்மா பார்த்தால் தெரியாது. தண்ணீர் அந்த இடத்துக்கு ஏறியதும் முட்டை பொரித்து புழுவாகும். புழு கூட்டுப்புழுவாகி, பிறகு நுளம்பாகிப் பறக்கும். இத்தனைக்கும் வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாட்கள் வரை போதும். குளிர்ப் பக்கங்களில் இன்னும் சில நாட்கள் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். "நாங்க தண்ணி ஊத்திக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று சொல்வார்கள். குறைந்த தண்ணீரை நிரப்புவது வேறு, தண்ணீரை மாற்றுவது வேறு. நிரப்பினால் என்ன நடக்கும்? சுவரில் ஒட்டியிருக்கிற முட்டை நனையும், பொரிக்கும். அதாவது நாமே அதற்கு உதவி செய்கிறோம். மாற்றினாலும் சுவரைத் தேய்க்காவிட்டால் முட்டை அப்படியே இருக்கும். அந்த முட்டை காய்ந்த போத்தலில் கூட மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே போத்தலில் வைத்திருப்போர் செய்ய வேண்டியது இதுதான். வாரத்தில் ஒரு நாளை நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள். அநேகமான வீடுகளில் வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கு வைக்கிறீர்கள். தேவாலயம் போகிற குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. விளக்கு துலக்குகிற அன்றைக்கே போத்தலையும் துலக்குங்கள். கொடியை வெளியே எடுத்து வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். போத்தலுக்குள் தேங்காய்த் தும்பைக் குச்சியில் சுற்றி விட்டு, அல்லது பழைய புரூசினால், கழுத்து வரை உரசுங்கள். பழைய தண்ணீரை கானில் ஊற்ற வேண்டாம், வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். மறுபடி தண்ணீர் நிரப்பி, போத்தல் வாயில் கொடியைச் சுற்றி பஞ்சோ துணியோ இறுக்கமாக அடைத்து விடுங்கள். பத்து நிமிஷ வேலை.

கண்ணாடிப் போத்தலில் பாசி பிடிக்கிறது என்று சிலர் கறுப்புக் கடதாசி சுற்றி வைக்கிறார்கள். பாசி குறையும், உண்மை. ஆனால் உள்ளே புழு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நாம் கண்ணாடியைத் திறந்தே வைத்து, வாரா வாரம் கழுவுவோம்.

2017 ஆம் ஆண்டு இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். பல நூறு உயிர்கள் போயின. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2007 இல், வீடு வளவில் நுளம்பு பெருக இடம் கொடுக்கக் கூடாது என்று சட்டமும் வந்து விட்டது. நாங்கள் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. வீட்டுக்குள் இருக்கிற தண்ணீரை வெளியாள் வந்து பார்க்கும் முன் நாமே பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இதோடு ஒன்றையும் மனதில் வையுங்கள். பிள்ளைக்கு இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் பேர் போகிறதே என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பரசிட்டமோல் மட்டும் அளவோடு கொடுக்கலாம். அஸ்பிரின், புரூபன் போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது, இரத்தக் கசிவை அதிகமாக்கி விடும். காய்ச்சல் விட்டு விட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் டெங்குவில் ஆபத்து வருவது. அப்போதும் பிள்ளை மேல் கண் இருக்க வேண்டும்.

மண்ணுக்கு மாற்றுவோம்

எல்லாவற்றையும் விட நல்ல வழி, கொடியைத் தண்ணீரிலிருந்து மண்ணுக்கு மாற்றி விடுவதுதான். மண்ணில் நுளம்பு முட்டை இட இடமில்லை. கொடியும் மண்ணில்தான் தடித்து வளரும்.

துண்டு வெட்டுவதை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தருவது, மீனுக்கு நீச்சல் சொல்லித் தருகிற கதை. தவறணையில் வி.பி. கன்றுக்கு ஒரு இலை, ஒரு கணு என்று துண்டு வெட்டிய கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. மணிபிளான்டுக்கும் அதே கணக்குத்தான். இலை தண்டோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு சிறு முடிச்சு இருக்கும். வேர் வருவது அந்தக் கணுவிலிருந்து. துளிர் வருவதும் அங்கிருந்துதான். கணுவுக்குக் கீழே ஒரு விரல் அளவு தண்டு விட்டு, கூரான கத்தியால் வெட்டுங்கள். கணு இல்லாமல் இலையை மட்டும் பிடுங்கி வைத்தால் பல நாள் பச்சையாக நிற்கும், ஆனால் கொடி வராது. "வச்சேன், வரவே இல்ல" என்று சொல்கிறவர்களில் பலர் செய்த தவறு இதுதான்.

ஏற்கனவே போத்தலில் வேர் விட்ட கொடியானால் அதை அப்படியே நடலாம். தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்குப் பழக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். அந்த நாட்களில் மண் ஈரமாக இருக்கட்டும். ஓரிரு இலை மஞ்சளானால் பயப்பட வேண்டாம்.

மண் கலவைக்குச் செலவே இல்லை. மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, மணலோ தும்புத் தூளோ ஒரு பங்கு. பழைய பெயின்ட் வாளி, மா டின், உடைந்த பானை, எது வேண்டுமானாலும் எடுத்துக் கழுவி அடியில் நான்கைந்து துளை போடுங்கள். துளை இல்லாத பாத்திரத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

ஒரு எச்சரிக்கை. மருந்தடிக்கிற கேன், களை நாசினிப் போத்தல், இவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முற்றாகப் போகாது. பூச்சட்டியாக இருக்கும் வரை சரி, நாளைக்கு ஒரு பிள்ளை அதில் தண்ணீர் மொண்டு குடித்தால்? அதே போல் மலைக்குப் போடுகிற உரத்தையும் இதற்குப் போட வேண்டாம். சிறிய சட்டியில் அது வேரை எரித்து விடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கை கூட்டெரு போதும்.

சட்டிக்கடியில் தட்டு வைக்கிறவர்கள் அந்தத் தட்டில் மணல் நிரப்பி விடுங்கள். இல்லாவிட்டால் போத்தலில் விட்ட பிழையைத் தட்டில் செய்தவர்களாவோம்.

வெளிச்சமும் குளிரும்

நம்முடைய பழைய லயக் காம்பராக்களில் உள்ள பெரிய குறை வெளிச்சமின்மை. ஒரு கதவு, ஒரு சிறு ஜன்னல், அதற்கு வெளியே இஸ்தோப்பின் தாழ்ந்த கூரை. மணிபிளான்ட் நிழலைத் தாங்கும், இருட்டைத் தாங்காது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மத்தியானத்தில் லைட் போடாமல் அந்த இடத்தில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். எழுத்து தெரிந்தால் கொடி பிழைக்கும். தெரியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

இலையில் இருக்கிற மஞ்சள் கோடுகள் மறைந்து முழுப் பச்சையாகி வருகிறதா, இலை சிறுத்து, கணுவுக்குக் கணு தூரம் கூடுகிறதா, அது கொடி வெளிச்சம் கேட்கிறது என்று பொருள். ஜன்னலுக்கு நெருக்கமாக வையுங்கள். எதிர்ச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் காம்பராவே வெளுக்கும். கொடிக்கு மட்டுமில்லை, பிள்ளைகள் படிக்கிறதுக்கும் நல்லது. ஆனால் உச்சி வெயில் நேரே படக் கூடாது, இலை கருகும். காலை இளவெயில் படலாம்.

குளிரும் இதற்கு ஆகாது. வெப்ப நாட்டுக் கொடியல்லவா? 10 பாகைக்குக் கீழே போனால் இலை கறுத்துத் துவளும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களில் இதை வாசலில் விட்டாலும் மரமேறிப் போய் விடும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கங்களில் தை, மாசி மாதத்துப் பனிக்கு வெளியே வைத்தால் ஒரே இரவில் போய் விடும். அங்குள்ள சொந்தக்காரருக்குத் துண்டு கொடுத்தால், இரவில் ஜன்னல் கண்ணாடியை விட்டுத் தள்ளி, அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விடுவது

மண்ணில் இருக்கிற கொடி சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான். தினமும் ஒரு கோப்பை ஊற்றுவது பாசம் போலத் தெரியும், ஆனால் வேருக்கு மூச்சு முட்டும். விரலை ஒரு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விட வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடிகிற வரை விடுங்கள். பனி மூடி மழை விடாமல் பெய்கிற நாட்களில் பத்து நாளைக்கு ஒரு தடவை கூடப் போதும்.

அடி இலைகள் ஒன்றன் பின் ஒன்றாக மஞ்சளானால் தண்ணீர் அதிகம். வேரை எடுத்துப் பார்த்தால் கறுத்து, கொழகொழவென்று நாறும். கெட்ட வேரை வெட்டி விட்டு, நல்ல கணுவாகப் பார்த்துத் துண்டு வெட்டி மறுபடி வையுங்கள். இலை துவண்டு, மண் சட்டியை விட்டு விலகி இருந்தால் தண்ணீர் போதாது. மிச்சத் தேத்தண்ணியை ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சீனியும் பாலும் சேர்ந்த தண்ணீருக்கு எறும்பு வரும், மண் பூஞ்சணம் பிடிக்கும். அதை விட்டு விடுங்கள்.

இது ஏறுகிற கொடி. தொங்க விட்டால் இலை சிறுக்கும், ஏற விட்டால் பெருக்கும். ஒரு கம்பில் பொச்சு மட்டையைச் சுற்றிக் கட்டி, சட்டி நடுவில் ஊன்றி, அதை ஈரமாக வைத்திருந்தால் கணுவிலுள்ள வேர்கள் அதைப் பிடித்துக் கொண்டு ஏறும். சுவரில் ஏற விட வேண்டாம், சாந்து பெயரும். கூரைத் தகரத்துக்கும் பீலிக்கும் போக விடவே வேண்டாம். பீலி அடைத்தால் ஒழுக்கும் நம் தலையில்தான், அங்கு தேங்குகிற தண்ணீரில் நுளம்பும் நமக்குத்தான்.

பிள்ளையின் வாய்

இனி, பிள்ளைக் காம்பராவில் இருந்து பேசுவதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சேம்பு சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும், தெரியும்தானே? மணிபிளான்ட் அந்தச் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இலை, தண்டு எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற கல்சியம் ஒக்சலேற்று துகள்கள் இருக்கின்றன. பிள்ளை கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், உதடும் நாக்கும் வீங்கும்.

அப்படி நடந்தால் பதற வேண்டாம். வாயில் இருப்பதை விரலில் சுற்றிய ஈரத் துணியால் வழித்தெடுங்கள். தண்ணீரால் கழுவுங்கள். குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீக்கம் கூடினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பால் கண்ணில் பட்டால் நிறைய தண்ணீரால் கழுவுங்கள். கொடி வெட்டிய கையை சோப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் கொடி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வெட்டிய துண்டுகளை ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம்.

புகை, காடு, காசு

"மணிபிளான்ட் வச்சா வீட்டுக் காத்து சுத்தமாகுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். 1989 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா சில செடிகளை மூடிய பெட்டிகளுக்குள் வைத்துச் சோதித்ததில் இருந்து கிளம்பிய பேச்சு அது. மூடிய பெட்டி வேறு, கதவு ஜன்னல் உள்ள வீடு வேறு. வீட்டில் ஒன்றிரண்டு கொடியால் சொல்லும்படியாக எதுவும் நடக்காது. விறகடுப்புப் புகையை இது குடித்து விடும் என்று நம்பி ஜன்னலைச் சாத்தி வைக்காதீர்கள். புகைக்கு மருந்து புகைபோக்கியும் திறந்த ஜன்னலும்தான். கைப்பிள்ளையின் நெஞ்சும் வயதானவர்களின் நெஞ்சும் அதைத்தான் கேட்கின்றன. சொல்லப் போனால் புகையினால் கொடிக்குத்தான் கஷ்டம். இலையில் கரி படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. மாதம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்து விடுங்கள்.

வெட்டிக் கழித்த கொடியை காட்டோரத்திலோ ஆற்றோரத்திலோ எறியாதீர்கள். ஒரு கணு மண்ணில் பட்டாலும் பிடித்துக் கொள்ளும். கண்டி நகருக்கு மேலே உள்ள உடவத்தகலே காட்டில் இந்தக் கொடி பரவி, நிலத்தை மூடி, மரங்களில் ஏறி, காட்டுக் கன்றுகளை வளர விடாமல் செய்திருக்கிறது. வீட்டில் அழகாக இருப்பது காட்டில் களையாகி விடும். மிச்சத் துண்டை வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகு குப்பைக் குழியில் போடுங்கள்.

கடைசியாகக் காசு விஷயம். இதை வைத்தால் பணம் வரும் என்கிறார்கள். கேட்டு வாங்கக் கூடாது, திருடி வைத்தால்தான் வளரும் என்றும் சொல்கிறார்கள். ஒரு தோட்டத்தில் ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார்: "பத்து வருஷமா வச்சிருக்கேன் சாமி. கொடி கூரைக்குப் போயிருச்சு, கடைக் கடனும் கூடவே போயிருச்சு." எல்லோரும் சிரித்தோம். பாட்டியும் சிரித்தார். பிறகு, "காசு வராட்டிப் போவுது. காலையில எந்திரிச்சா கண்ணுக்குப் பச்சையா ஒன்னு நிக்குதே, அது போதும்" என்றார்.

நாள் முழுக்க பச்சைக்கு நடுவே நிற்கிற உங்களுக்கு வீட்டிலும் ஒரு பச்சை எதற்கு என்று கேட்கலாம். மலையில் நிற்கிற பச்சை நிறுத்துக் கொடுக்கிற பச்சை. வீட்டில் நிற்கிற கொடியை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அது உங்களுடையது. அதனால்தான் அதை எறியச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே தாய்மாரே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெளிகிறதா? காய்ந்த மண்ணில் கொட்டி, போத்தலை உரசிக் கழுவுங்கள். நெளியவில்லையா? அப்போதும் கழுவுங்கள். முடிந்தவர்கள் இந்தக் கிழமைக்குள் மண்ணுக்கு மாற்றுங்கள். இங்கே வாசலில் மண் கலவையும் துளை போட்ட டின்களும் வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துச் செல்லலாம். அடுத்த மாதம் நாங்கள் வீடு வீடாக வருவோம். குற்றம் பிடிக்க அல்ல. முன்பு சொல்லாமல் விட்டதைச் சரியாகச் சொல்லி விட்டோமா என்று பார்த்துக் கொள்ளத்தான்.